மறுபடியும் மஞ்சள்

“இன்னா பாய் வேலை பார்த்திருக்கீங்க? மூணு மாசம் கூடத் தாங்கல, பாருங்க!”

காரை நிறுத்தி இறங்கும்போதே கோதண்டராமன் சத்தம் போட்டார். முன்விளக்கு இரண்டும் மஞ்சள் பூத்து, புகை படிந்த மாதிரி மங்கிக் கிடந்தன. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வண்டி விளக்குகளுக்குப் பாலிஷ் போடும் அப்துல் வஹாப், கையைத் துடைத்துக்கொண்டே கடைக்குள்ளிருந்து வந்தார்.

“வாங்க சார், வாங்க. கோச்சிக்காதீங்க. பண்ணிட்டாப் போச்சி.”

கோதண்டராமன் முகத்தை இன்னும் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிகொண்டாவில் அவர் வீட்டில் காருக்கென்று நல்ல ஷெட் இருக்கிறது. ஆனால் ஒன்றரை வருடமாகக் கார் நிற்பது வாசலில், மேற்கே பார்த்து, சுட்டெரிக்கும் வெயிலில். வெயில் பட்டால்தான் விளக்கின் பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் மஞ்சளாகும். மஞ்சளானால்தான் ஆம்பூருக்கு வர ஒரு சாக்கு கிடைக்கும்.

தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டியவர் அவர். மனைவி போய் மூன்று வருடமாகிறது, மகன் புனேயில். ஒரு நாள் டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னபோது, இவரும் கைகூப்பி “வணக்கம்மா” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மறுநாளே, விளக்கு மங்கிவிட்டது என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வந்து சேர்ந்த இடம்தான் இந்தக் கடை.

இதோடு ஐந்தாவது முறை. முதல் முறைக்கு மட்டும்தான் வஹாப் காசு வாங்கினார். “கேரண்டி சார்” என்று சொல்லி, அப்புறம் வாங்குவதேயில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், இரண்டு டீ, ஓயாத பேச்சு. அதற்காகத்தான் இவ்வளவு தில்லுமுல்லும். குட்டு வெளிப்பட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுபடி இங்கே வருவது என்பதுதான் அவர் கவலை.

வஹாப் ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். மஞ்சள் தண்ணீர் பம்பரில் வழிந்தது.

“வண்டி நிழல்லதானே நிக்குது சார்?”

கோதண்டராமனுக்குத் திருடனைத் தேள் கொட்டின மாதிரி இருந்தது.

“ஷெட்லதான் பாய். வெளிய எடுக்கறதே கம்மி.”

“அப்படியா” என்றார் வஹாப், குனிந்த தலை நிமிராமல். அப்புறம் பேச்சை மாற்றினார். “பெங்களூர்ல பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்கு சார். போன்ல அழுவுற சத்தம் கேட்டேன். நல்ல தொண்ட.”

“போய்ப் பார்த்துட்டு வர்றதுதானே?”

“கூப்பிட்டா போலாம்.” வஹாப் உப்புத்தாளை மறுபடி தண்ணீரில் முக்கி எடுத்தார். “இப்பல்லாம் யாரு சார் வேலைய பொறுமையா பாக்கறாங்க? நான் இருந்த தோல் கம்பெனில, ஃபினிஷிங் செக்‌ஷன்ல, மேல லாக்கர்னு ஒரு வார்னிஷ் அடிக்காம ஒரு தோலு வெளிய போவாது. எவ்ளோ பாலிஷ் போட்டாலும் சரி, மேல்கோட்டு இல்லன்னா வெயில் தாங்காது.”

கோதண்டராமன் தலையாட்டினார். அவருக்குத் தோலும் தெரியாது, லாக்கரும் தெரியாது. ஒரு மனுஷன் தன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான், அது போதும்.

கடைசியில் பாலிஷ் தடவி, துணியால் அழுத்தித் துடைத்தார் வஹாப். விளக்கு இரண்டும் பளிச்சென்று கண் திறந்தன.

“முடிஞ்சிது சார்.”

கோதண்டராமன் மனசில்லாமல் எழுந்திருக்கும்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் பிரேம்நாத் தலையை வெளியே நீட்டினான்.

“பாய், நம்ம தோஸ்த் வண்டி ஒண்ணு இருக்குது. நாளைக்கு எடுத்தாரட்டா?”

அந்த டாக்ஸியின் விளக்குகள் ஷோரூமிலிருந்து வந்தது போல இருந்தன. கோதண்டராமனுக்கு ஆச்சரியம்.

“இது எப்ப போட்ட பாலிஷ் தம்பி?”

“போன வருஷம் சார். நம்ம பாய்தான் போட்டாரு.”

“வண்டிய ஷெட்ல விடுவியா?”

“டாக்ஸிக்கு ஏது சார் ஷெட்டு? நாள் பூரா வெயில்லதான் கெடக்குது. பாய் கடைசில மேல லாக்கர் அடிச்சி வுட்டாரில்ல, அதான் தாங்குது. எல்லா வண்டிக்கும் அடிப்பாரே!”

“நாளைக்கு எடுத்துனு வாப்பா, நீ கெளம்பு” என்று வஹாப் அவசரமாக அவனை அனுப்பி வைத்தார்.

டாக்ஸி போய்விட்டது. கோதண்டராமன் யோசித்துப் பார்த்தார். ஐந்து முறையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறை கூட வஹாப் எதையும் மேலே அடித்ததில்லை. இந்த ஆளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டாரா? இத்தனை நாளும் நான்தான் பேசிப் பேசிக் கழுத்தறுத்தேனா? நினைக்கும்போதே அவமானமாக இருந்தது, கூடவே அழுகையும் வந்தது. இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று சாவியை எடுத்துக்கொண்டார். ஆனால் கேட்காமல் போகவும் முடியவில்லை.

“எல்லாருக்கும் அடிக்கிறீங்களாமே பாய். எனக்கு மட்டும் ஏன் அடிக்கல?”

வஹாப் துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கோதண்டராமன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“அடிச்சா, ரெண்டு வருஷத்துக்கு நீங்க வர மாட்டீங்களே சார்.”