இருசக்கரம், ஒன்று

ஏழே முக்கால் ஆகியும் பஸ் வரவில்லை.

அவர் பேனாவைத் தாளுக்கு மேலேயே பிடித்திருந்தார்.

மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. பேனா நிற்கமாட்டேன் என்றது. வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்துப் பிடித்தார்.

ஊர் முக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் அட்டை. அட்டையில் தாள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை இந்த ரோட்டில் எது போனாலும் வந்தாலும் அதன் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அதுதான் இன்றைய வேலை.

கார், லாரி, டிராக்டர், இருசக்கரம், பஸ். மாட்டுவண்டிக்குக்கூடக் கட்டம் இருந்தது. ஊரில் மாட்டுவண்டி ஒழிந்து பத்து வருஷம்.

காத்து நிற்கிற ஆளுக்குக் கட்டம் இல்லை.

எதிரே புளியமரத்தடியில் இருபத்தோரு பேர் நின்றார்கள். இரண்டு முறை எண்ணிவிட்டார். அதில் ஒருத்தி அவர் மனைவி மாடத்தி. வாரத்துக்கு மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். இன்று அந்த நாள்.

அவர் முதுகுக்குப் பின்னால், தரிசு முழுக்க, அறுநூறு வீட்டுக்கு மனை பிரித்துக் கல் நட்டாயிற்று. அத்தனை வீடு வந்தால் ரோடு தாங்குமா, பஸ் வேண்டுமா என்று அறிக்கை எழுதத்தான் இந்தக் கணக்கு. இந்தக் கணக்கெடுக்க டவுனிலிருந்து வந்திருந்த ஜெபஸ்டின் காலையில் டீ குடித்துக்கொண்டே விவரம் சொல்லியிருந்தான். பஸ் திரும்புகிற இடத்தில்தான் மனைக்காரர்களின் வாசல் வளைவு வருகிறதாம். பஸ்ஸுக்கு ஆள் இருந்தால் திரும்ப வேறு இடம் விடுவார்கள். இல்லையென்றால் பஸ் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கோடு சரி.

விலக்கு மூன்று மைல்.

சுத்தம் பண்ணிவிட்டு வருகிற அன்று மாடத்தியால் வாசல்படி ஏற முடியாது.

எட்டு மணிக்கு யாரோ போன் போட்டு விசாரித்தார்கள். பஸ் ஏதோ கட்சி மாநாட்டுக்கு ஆள் ஏற்றப் போயிருக்கிறதாம். இன்றைக்கு நாலு நடையும் கிடையாது.

வசவு டிரைவரின் பாட்டன் வரைக்கும் போய்த் திரும்பியது. பாவம், அவன் என்ன செய்வான்.

பிறகு ஆளாளுக்கு ரோட்டில் கை நீட்டினார்கள்.

பால்கேன் கட்டிய வண்டியில் ஒருத்தர் தொத்திக்கொண்டார். கோடு.

இன்னொரு வண்டியில் மூன்று பேர். கோடு ஒன்றுதான்.

மேலத்தெரு தங்கையா மாடத்தி முன்னால் வண்டியை நிறுத்தினான். அவள் ஒருக்களித்து ஏறினாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை எங்கும் இடித்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவரைத் தாண்டும்போது, கலெக்டர் மாதிரி இருக்கீங்களே என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

அவர் கோடு போட்டார்.

இருசக்கரம், ஒன்று.

மாடத்தி தாளில் மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டாள்.

பத்து மணிக்குள் புளியமரத்தடி காலி. அத்தனை பேரும் ஒரே கட்டத்துக்குள் போய்விட்டார்கள். அவர் யோசித்து, தாளின் அடி ஓரத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினார்: பஸ் ஆள் 21.

மத்தியானம் ஜெபஸ்டின் அதைப் பார்த்தான். கட்டத்துக்கு வெளியே எதுவும் எழுதக் கூடாது என்று அடித்துவிட்டான். அவர் எழுந்து நின்று எல்லாம் சொன்னார். மாநாட்டைச் சொன்னார். இவர்கள் எல்லாரும் பஸ் ஜனம் என்றார். நாளைக்கு வந்து பார் என்றார். மாடத்தியின் கையைக்கூடச் சொன்னார். கெட்ட பையன் இல்லை அவன். கடைசிவரை கேட்டான்.

“வராத பஸ்ஸ நான் எப்படி அண்ணாச்சி எழுத?”

வெயில் நாற்காலிக்கு வந்தது. அவர் நகரவில்லை. கோடு போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் தாள் கிழிகிற மாதிரி அழுத்தினார்.

ஆறு மணிக்கு ஜெபஸ்டின் கூட்டினான். இருசக்கரம் நூற்று எண்பத்து நாலு. பஸ் சைபர்.

ஊரில் எல்லாரிடமும் வண்டி இருக்கிறது போல என்று சந்தோஷமாகச் சொன்னான். பிறகு, ‘எண்ணியவர்’ என்று அச்சடித்திருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

கையெழுத்து அவர் நாற்பத்திரண்டு வயதில் பழகியது. பகலெல்லாம் கல் சுமந்துவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து. அன்றிலிருந்து மைப்பெட்டியை யார் நீட்டினாலும் தள்ளிவிட்டுப் பேனா கேட்பார்.

பேனா கையில்தான் இருந்தது.

அதன் முனையைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தார். குறுக்கும் நெடுக்குமாக. ரேகை முழுக்க நீலம் ஏறும்வரை.

ஜெபஸ்டின் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. கைநாட்டு வைத்தால் ஆபீசில் தாளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றான். எழுதத் தெரியாத ஆள் எண்ணியது செல்லாது, இன்னொரு நாள் முழுக்க மறுபடியும் எண்ண வேண்டிவரும் என்றான். காலையிலிருந்து எழுதிக்கொண்டுதானே இருந்தீங்க என்று கேட்டான்.

“எனக்கு எழுத்துத் தெரியாது, தம்பி.”

தாளைத் தன் பக்கம் இழுத்தார்.