நல்ல கால்

வரிசையில் இருந்த கெங்கம்மாவின் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள்.

பித்தளைக் குடம் உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. முன்பானால் இரண்டே எட்டில் அதை எடுத்துக்கொண்டு வந்து, தள்ளியவளின் கொண்டையைப் பிடித்திருப்பாள். இப்போது வலது காலில் முழங்கால் வரை மூங்கில் சிம்பு வைத்த கட்டு. கக்கத்தில் ஒரு கவைக்கோல்.

துறைமுகத்தில் கரி இறக்கும்போது கூடை சரிந்து, பாறை போன்ற கரிக்கட்டி அவள் பாதத்தில் விழுந்து பத்து நாள் ஆகிறது.

கோலை ஊன்றி ஊன்றிப் போனாள். குனிய முடியவில்லை. கட்டுப் போட்ட காலை ஒரு பக்கம் நீட்டித் தரையில் உட்கார்ந்துதான் குடத்தை எடுத்தாள். பிறகு எழுந்திருக்கத் தெரியவில்லை.

ராயபுரத்துக் குழாயடி முழுக்கச் சிரித்தது.

"இன்னாமே, ஆடிகினே வர்றே? எட்டு மணிக்குத் தண்ணி நின்னுபூடும். நவுரு" என்றாள் பிலோமி.

போன மாதம் வரை பிலோமி அவளுடைய சிநேகிதி. இரண்டு பேரும் சேர்ந்துதான் பவுனம்மாளின் குடத்தைத் தள்ளிவிடுவார்கள்.

பவுனம்மாளும் வரிசையில்தான் நின்றாள். கரிக் கப்பலின் பலகையிலிருந்து விழுந்து ஒடிந்த அவளுடைய இடது கால் கோணலாகவே கூடிவிட்டது. "நொண்டிக்கி இன்னா அவசரம்?" என்று கெங்கம்மா தினமும் சொல்வாள்.  பவுனம்மாள் குடத்தைப் பொறுக்கிக்கொண்டு கடைசியில் போய் நிற்பாள்.

இன்று கடைசியில் நின்றது கெங்கம்மா. குடத்தில் பாதி விழுவதற்குள் குழாயை அடைத்துவிட்டார்கள். பெண்கள் கலைந்தார்கள்.

அந்தப் பாதிக் குடத்தையும் அவளால் தூக்க முடியவில்லை. கோலுக்கு ஒரு கை. குடத்தை இடுப்பில் ஏற்ற இரண்டு கை. இந்த நொண்டி இத்தனை நாளும் இதை எப்படிச் செய்தாள்?

பக்கத்திலேயே நின்று சிரித்தவள், அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பவுனம்மாள் குடத்தை முதலில் குழாய் மேடையில் வைத்தாள். தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள். அப்படியே குடத்தை இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். இருபது அடி நடந்ததும் ஒரு மதிலில் குடத்தை இறக்கி மூச்சு வாங்கினாள்.

அதையெல்லாம் சோம்பல் என்றுதான் கெங்கம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"அக்கா" என்று கூப்பிட்டாள். அவளை அப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. "ஒரு கை குடேன்."

பவுனம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு மாசத்துல உனுக்குக் கட்ட அவுத்துடுவாங்கோ. நீ மறுபடியும் குதிச்சுகினு வந்து என் கொடத்த ஒதைப்பே. அதுவரிக்கும் நீயும் கஸ்டப்படு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கெங்கம்மா தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள். இரண்டு தடவை வழுக்கியது. முழங்கை உராய்ந்து ரத்தம் வந்தது. மூன்றாவது தடவை குடம் இடுப்பில் ஏறியது. பவுனம்மாள் நின்ற இடங்களிலெல்லாம் அவளும் நின்றாள். பின்னால் வந்த ஜட்காக்காரன் சாட்டையை ஓங்கி, "ஓரமாப் போ, நொண்டி!" என்று கத்தினான்.

அந்தப் பெயருக்கு அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பவுனம்மாள் சந்துக்குள் திரும்பினாள். கெங்கம்மாவும் திரும்பினாள். பவுனம்மாள் மூன்றாவது வீட்டு வாசலில் குடத்தை இறக்கினாள். கெங்கம்மாவும் அதே வாசலில் இறக்கினாள்.

கிருஷ்ணப்பன் வாசற்படியில் உட்கார்ந்து கரித்தூளால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதிக் குடத்தைப் பார்த்தான். கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். பிறகு கோணல் காலை.

"ஒண்ணுக்கு ரெண்டாச்சு" என்றான். "இன்னொருத்தியக் கொண்ணாந்துட வேண்டியதுதான். நல்ல கால் கீறவளா."

வாய் கொப்பளிக்கச் சொம்பை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனான்.

பவுனம்மாளுக்கு அது புதிய பேச்சு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், கட்டுப் போட்ட காலோடு உள்ளே படுத்தபடி அவள் அதைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் புருஷன் கிருஷ்ணப்பன் தேடிப் பிடித்துத் தாலி கட்டிக் கூட்டிவந்த நல்ல கால், கெங்கம்மாவுடையது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பவுனம்மாள் தன் குடத்தைச் சாய்த்தாள். கெங்கம்மாவின் குடத்தில் தண்ணீர் கழுத்து வரை ஏறியது. அதைத் தூக்கி கெங்கம்மாவின் இடுப்பில் வைத்தாள். முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை.

"அவன் வர்றான்" என்றாள் மெதுவாக. "கோல எறிஞ்சுட்டு, நல்ல கால் கீறவ மாரி நட."