பதினாறு எழுத்துக்குள் ஒரு பெயர்

"பதினாறு எழுத்துக்கு மேல போகக்கூடாதாம், மாமா. அதான் விதி," என்றாள் ப்ரீதா.

நமச்சிவாயம் விரல் விட்டு எண்ணினார். இங்கிலீஷில் எழுதினால் அவர் பெயர் பன்னிரண்டு எழுத்துதான். நிம்மதியாக இருந்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் மருமகள், எட்டு வருடத்துக்கு முன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்திருந்தாள். காலைச் சமையலை மாமியார் செண்பகம் பார்த்துக்கொள்ள, இணையத்தில் வரும் தொலைநோக்கிப் படங்களை இவள் உட்கார்ந்து பார்ப்பாள். அப்படி ஒருநாள், அசையாத புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அது சூரியனைச் சுற்றிவர நாலேகால் வருடம் ஆகிறது. பாதை உறுதியாகி எண் கிடைப்பதற்குள் இத்தனை காலம் ஓடிவிட்டது. கண்டுபிடித்தவர்தான் பெயர் சொல்ல வேண்டும். அவளும் எழுதி அனுப்பிவிட்டாள். பெயர்களை முடிவுசெய்யும் வானியல் குழு ஒப்புக்கொள்வதுதான் பாக்கி.

"என்ன பேரும்மா எழுதியிருக்க?"

ப்ரீதா தலையைக் குனிந்துகொண்டாள். "என் வாயால எப்பிடி மாமா அதச் சொல்ல?"

அவ்வளவுதான், நமச்சிவாயத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்ற மரியாதை இந்தக் காலத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே! உடனே சிநேகிதர் காஜா முகைதீனுக்குப் போன் போட்டார்.

"வே, எம்பேரு வானத்துல சுத்தப்போவுது!"

"அந்தப் பிள்ள சொல்லிச்சா?"

"சொல்லுமா? மாமனார் பேருல்லா! சொல்லாததுலயே தெரியலையாவே?"

"எதுக்கும் பொறும்வே. வந்த பொறவு ஊரைக் கூட்டலாம்."

நமச்சிவாயம் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் டவுன் நாலு ரத வீதிக்கும் விஷயம் போய்விட்டது. சலூன்காரர்கூட 'ஆகாச அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார். பெயர் மாறிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாதே என்ற பயமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ப்ரீதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வந்துட்டு மாமா! நீங்களே படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிறுகோளின் எண்ணுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் பதினோரு எழுத்து. அவர் பெயர் இல்லை. முகம் சுண்டிப்போயிற்று. மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படித்தார். கண் கலங்கிவிட்டது.

"ஆவுடையம்மாள்!" என்று வீடே அதிரச் சொன்னார். "எங்கம்மா பேருல்லா இது! எம்பேர வச்சிருந்தாக்கூட இவ்வளவு சந்தோசம் வராதும்மா!"

"உங்கம்மாவ நான் பார்த்ததே இல்லையே, மாமா," என்றாள் ப்ரீதா.

நமச்சிவாயம் விழித்தார். அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் இருக்கக்கூடாது என்று, தாலி கட்டிய அன்றே இந்த வீட்டார் செண்பகம் என்று பெயரை மாற்றிவைத்த அவர் மனைவி, நாற்பத்திரண்டு வருடம் கழித்து வாசல்நிலைக்கு வந்து நின்று கேட்டாள்:

"என்ன, என்னையவா கூப்பிட்டிய?"