கூடவே மடங்கிய விரல்

தார்வாடில் டாக்டர் இனாம்தார், மல்லேசியின் வலது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டைவிரலை மட்டும் மடக்குப்பா" என்றார்.

மடக்கினான். ஆள்காட்டி விரலும் கூடவே மடங்கியது.

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?" என்று டாக்டர் அந்த விரலிடம் கேட்டார். செல்போன் பழுதுபார்க்கும் மல்லேசி, மணிக்கட்டு வலியை மறந்து சிரித்தான்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் கூட வந்திருந்த அவன் தாயிடம். "முன்கையில கட்டைவிரலை மடக்குற தசையோட நார், பக்கத்து விரல் நாரோட ஒட்டியிருக்கு. சில பேருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும்."

"இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் டாக்டர்" என்றாள் அவன் தாய் கங்கவ்வா. "ரொட்டியைப் பிய்க்கும்போது நான் கேலி பண்ணுவேன்."

"அவர் என்ன வேலை பார்த்தார்?"

"போலீஸ்ல இருந்தார்."

"அடடா! கட்டைவிரலால துப்பாக்கியோட பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினா, ஆள்காட்டி விரல் தானா விசையை இழுத்துடுமே!"

கங்கவ்வாவின் முகம் வெளுத்துப்போனது.

"என்ன அவ்வா?" என்று மல்லேசி தாயைப் பார்த்துப் பதறினான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, காவல் மாறும் நேரத்தில் அவன் தகப்பன் சென்னப்பாவின் துப்பாக்கி வெடித்து, கூட வேலை பார்த்த நண்பர் இறந்துபோனார். "பூட்டைத்தான் தள்ளினேன். விரல் தானா இழுத்துடுச்சு" என்று சென்னப்பா கோர்ட்டில் அழுதார். முந்தின நாள் இருவருக்கும் சண்டை நடந்தது என்று சாட்சி சொன்னவள் கங்கவ்வாதான்.

"அந்த மனுஷன் நெஜத்தைத்தான்டா சொல்லியிருக்கார்" என்றாள் மகனிடம். "ஜெயில்ல செத்தப்போ, உடம்பை வாங்கிக்கச் சொல்லி ஆள் அனுப்பினாங்க. கொலைகாரன் உடம்பு எனக்கு வேண்டாம்னுட்டேன்."