பிடுங்கிய ஒயர்

மெக்கானிக் ரியாஸின் லேப்டாப்புக்கும் காருக்கும் நடுவே இருந்த ஒயரைப் பூங்கொடி வெடுக்கென்று பிடுங்கினாள்.

“வேண்டாங்க. பவரைக் கூட்டினா இன்ஜின் சீக்கிரம் போயிரும்.”

“போனாப் போகட்டும்,” என்றான் அவள் கணவன் சதாசிவம். “வாங்கின புதுசுல பறந்த டீசல் வண்டி. இப்ப மேட்டுல டவுன் பஸ்ஸு நம்மளை முந்துது. மானமே போகுது. நீ மாட்டு தம்பி.”

ரியாஸ் மாட்டவில்லை. ஒயரைப் பிடுங்குமுன் லேப்டாப் திரையில் வந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, இன்ஜின் செட்டிங்கை ஏற்கெனவே மாத்தியிருக்காங்க. கூட்டலைங்க, நல்லாவே குறைச்சிருக்காங்க.”

“காசு குடுத்துப் பவரைக் குறைச்சானா? எவன்டா அந்தக் கிறுக்கன்?”

“கிறுக்கன் இல்லீங்க, கிறுக்கி,” என்றாள் பூங்கொடி. “போன தடவை சர்வீசுக்கு வண்டியை நான்தானே விட்டேன்.”

சதாசிவம் அவள் பக்கம் திரும்பினான்.

“திம்பம் மலை வளைவுல லாரியை முந்துனீங்களே, அன்னிக்குப் பின்சீட்டு நனைஞ்சிருந்துது. தண்ணி பாட்டில் கொட்டிருச்சுன்னு சொன்னேன்.”

ஒயரைக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பாட்டில் கொட்டலைங்க. நம்ம பாப்பா பயத்துல சீட்டுலயே ஒண்ணுக்குப் போயிட்டா.”