பவுடர் மருந்து

உலகத்தில் தூளுக்கும் திரவத்துக்கும் நடுவே நிற்பது தண்ணீர் ஒன்றே என்பது வேதியியல் விரிவுரையாளர் பூவராகனின் அசைக்க முடியாத சித்தாந்தம். கருத்தரிப்பு மையத்தில் டாக்டர் ஹார்மோன் ஊசி மருந்தைப் பவுடராகவோ பேனாவில் நிரப்பிய திரவமாகவோ வாங்கலாம் என்று எழுதிக்கொடுத்தபோதும் அதையே சொன்னார். மனைவி மீனலோசனிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"ஏங்க, பக்கத்துல உக்காந்திருந்த அக்காவுக்குப் பேனா ஊசியில ரெண்டு தடவையும் கரு நிக்கலையாம். பவுடரைக் கரைச்சுப் போட்டதும் நின்னுடுச்சாம்."

"பவுடர்ல போட்டா புள்ள பவுடர் பூசிக்கிட்டே பொறக்குமோ? ரெண்டும் ஒரே மருந்துதாண்டி, அறிவுக்கொழுந்தே!"

சிரித்துக்கொண்டே, திரவம் நிரப்பிய பேனாவை வாங்கினார். பத்து நாளும் அவரே ஊசி போட்டார், வகுப்பெடுத்தபடி.

கரு நிற்கவில்லை என்று தெரிந்த அன்று மீனலோசனி அழவில்லை. பவுடரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு மருந்துக்கடையில் தனியாக நின்றார்.

"டாக்டர் எது வேணாலும் போடலாம்னு எழுதியிருக்காங்க. பேனாவே தந்துடவா சார்?"

"பவுடர்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இதுல கரைக்கிற தொல்லை வேற."

தெரிந்த மாணவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று பூவராகன் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரியும்ப்பா. பவுடரே குடு."