எட்டாவது கட்டம்

"பதினாறு கட்டத்துல டிக் அடிச்சிருக்கே. எட்டாவதை மட்டும் எதுக்கும்மா விட்டுட்டே?"

கேட்டவர் எம். புதுப்பட்டி பட்டாசு ஆலை முதலாளி தனுஷ்கோடி. ஆபீஸ் வேலை பார்க்கும் பொன்மணி படிவத்திலிருந்து தலை நிமிரவில்லை.

மும்பை கம்பெனியின் பெரிய ஆர்டர் அது. உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பதினேழு இலக்குகளையும் இந்த ஆலை கடைப்பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். அதில் எட்டாவது, தொழிலாளிக்குப் பாதுகாப்பான வேலை.

"வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும். நம்ம கிட்ட அஞ்சு பேரு இருக்காக, மொதலாளி."

"சீசன்ல ஒரு ஆளு கூடக் குறையத்தான் இருக்கும்."

"மருந்துக்குச் சீசன் தெரியாதே."

"ஏந்தாயி, நூத்தித் தொண்ணூத்தி மூணு நாடு ஒத்துக்கிட்டிருக்கு. அம்புட்டு பேரும் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டா ஒத்துக்கிட்டாக? ஊரோட ஒத்துப் போவியா, வக்கணை பேசுறே."

பேனாவைப் பிடுங்கி அவரே டிக் அடித்தார்.

போன வருஷம் பக்கத்து ஊர் ஆலை வெடித்தபோது, பிணத்தை அடையாளம் காட்டப் போனவள் பொன்மணி. அந்த ரூமிலும் ஒரே ஒரு ஆள்தான் கூடுதல். அது அவளுடைய சித்தி.

பீரோ சாவியை மேஜைமேல் வைத்தாள். "நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கோங்க."

அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி என்னமோ எழுதினார். பிறகு ஃபோர்மேன் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ரூமுக்கு ஒரு ஆளை எந்திரிச்சு வரச் சொல்லுலே. அவுக எல்லாரும் பேக்கிங்ல உக்காரட்டும்."

சங்கிலிமுத்து இருபது வருஷமாக இதே ஆலையில் இருப்பவர். இப்படி எத்தனை பார்த்திருப்பார். "செக்கிங் வர்றாகளா மொதலாளி? எத்தனை மணிக்குத் திரும்ப உள்ள உக்கார வைக்க?"

இந்தக் கூத்தையும் நின்று பார்க்க வேண்டுமா என்று பொன்மணி வாசலுக்கு நடந்தாள்.

"போறதுதான் போறே, இதை மும்பைக்கு மெயில் போட்டுட்டுப் போ" என்று தனுஷ்கோடி படிவத்தை நீட்டினார்.

வேண்டாவெறுப்பாக வாங்கினாள். கடைசிப் பக்கத்தில் 'பத்து லோடு' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, 'இனி ரூமுக்கு நாலு பேர்தான். எட்டு லோடுதான் முடியும். சம்மதம் என்றால் ஆர்டர் கொடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.